இரவில் வலிக்கும் கட்டி: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

உடலில் தேநீர் நிறத் தழும்புகளோடு, அதாவது தட்டையான பழுப்புத் திட்டுகளோடு, பிறக்கும் குழந்தைகளைப் பற்றி ஒரு வாசகி சென்ற இதழில் கேட்டிருந்தார். அத்தகைய தழும்புகள் ஆறோ அதற்கு மேலோ இருந்தால், அது நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் முதல் வகை என்னும் மரபணுக் கோளாறாக இருக்கக்கூடும் என்றும், அது உள்ளவர்களுக்கு நரம்புகளில் கட்டிகள் வளரும் என்றும், அவற்றுள் மிகச் சில பிற்காலத்தில் புற்றாக மாறும் என்றும் சுருக்கமாக எழுதியிருந்தேன். அந்தக் கடைசி வரி பல வீடுகளில் உறக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்பது பின்னர் வந்த கடிதங்களிலிருந்து தெரிகிறது. எனவே இம்முறை இந்தப் பக்கம் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்குகிறேன். நோயின் பெயர் நீளமாக இருப்பதால், மருத்துவமனைகளில் சொல்வதுபோல் என்.எஃப்.1 என்றே எழுதுகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. அவனுக்கு என்.எஃப்.1 இருப்பதாக ஆறு வயதிலேயே சொல்லிவிட்டார்கள். முதுகிலும் வயிற்றிலும் சிறு சிறு கட்டிகள் உண்டு. அவை அவனுக்குத் தொல்லை தந்ததில்லை. இடது தொடையின் பின்புறம், சதைக்குள் ஆழத்தில் ஒரு கட்டி சிறு வயது முதலே இருக்கிறது. மூன்று மாதங்களாக அது வலிக்கிறது. பகலில் வேலை மும்முரத்தில் பொறுத்துக்கொள்கிறான். இரவில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். கிளினிக்கில் இரண்டு முறை பொன்ஸ்தான் வலி மாத்திரை கொடுத்தார்கள். நன்றாக நீவிவிடும் பெரியவர் ஒருவரிடம் அழைத்துப் போகலாம் என்று என் அண்ணன் சொல்கிறார். டாக்டர் ஐயா, இது புற்றுநோயா? (ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: அம்மா, கடிதத்தைப் படித்துவிட்டு இது புற்றுநோய் என்றோ இல்லை என்றோ யாராலும் சொல்ல இயலாது. ஆனால் என்.எஃப்.1 உள்ள ஒருவருக்கு, நெடுநாளாக அமைதியாக இருந்த ஆழமான கட்டி ஒன்று வலிக்கத் தொடங்கி, அந்த வலி வாரக்கணக்கில் நீடித்து உறக்கத்தையும் கெடுக்கிறது என்றால், அது புற்று அல்ல என்று பரிசோதனை மூலம் உறுதியாகும்வரை அதைப் புற்றாகவே கருதிச் செயல்பட வேண்டும். இந்த வாரத்திலேயே மகனை அழைத்துக்கொண்டு புறப்படுங்கள். நீவிவிடுவது வேண்டாம்; உங்கள் அண்ணனின் அக்கறை எனக்குப் புரிகிறது, ஆனால் இந்தக் கட்டியைக் கையால் அழுத்திப் பிசைவதால் நன்மை ஒன்றும் இல்லை, நாட்கள்தான் வீணாகும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்பதை விளக்க, நோயின் அடிப்படையைச் சற்றுச் சொல்ல வேண்டும். நம் நரம்புகள் ஒவ்வொன்றையும், மின்கம்பியைச் சுற்றிய ரப்பர் உறைபோல, ஷ்வான் செல்கள் என்பவை சுற்றிப் போர்த்தியிருக்கின்றன. இந்தச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகாமல் தடுக்கும் பிரேக்காகச் செயல்படுவது நியூரோஃபைப்ரோமின் என்ற புரதம்; அதைச் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் மரபணு 17ஆவது குரோமோசோமில் இருக்கிறது; அந்த மரபணு 1990இல் கண்டறியப்பட்டது. எல்லோருக்கும் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகள் உண்டு. என்.எஃப்.1 உள்ளவர்களுக்கு ஒரு பிரதி பிறக்கும்போதே பழுதாகிவிட்டது. எஞ்சியிருக்கும் மற்றொன்றும் ஏதோ ஒரு ஷ்வான் செல்லில் கெட்டுப்போகும்போது அங்கே சாதாரண நரம்புக்கட்டி வளர்கிறது. இந்த நிலையில் அது புற்று அல்ல. பின்னர் அதே கட்டிக்குள் சில செல்கள், பெருக்கத்தைத் தடுக்கும் வேறு மரபணுக்களையும் ஒவ்வொன்றாக இழக்கும்போதுதான் நரம்பு உறைப் புற்றாக மாறுகின்றன. படிப்படியாக நடக்கும் மாற்றம் என்பதால், ஒரே கட்டியின் ஒரு மூலை இன்னும் சாதாரணமாகவும் மற்றொரு மூலை புற்றாகவும் இருப்பது உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சதைப் பரிசோதனையைப் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

எல்லாக் கட்டிகளும் இப்படி மாறுவதில்லை. தோலின் மேல் மிளகுபோலவும் புளியங்கொட்டைபோலவும் எழும் சிறு கட்டிகள், எத்தனை நூறு இருந்தாலும், புற்றாவது இல்லை என்றே சொல்லிவிடலாம். கவனிக்க வேண்டியவை ஆழத்தில் பெரிய நரம்புகளோடு ஒட்டி வளர்பவையும், சிக்கலாகிப்போன நூற்கண்டைத் தோலுக்கு அடியில் வைத்ததுபோல் கைக்குத் தட்டுப்படும் பின்னல் நரம்புக்கட்டிகளும்தான். உங்கள் மகனுடையது ஆழத்தில் பெரிய நரம்போடு ஒட்டி வளரும் வகையாகத் தோன்றுகிறது.

2002இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கின்படி, என்.எஃப்.1 உள்ளவர்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேருக்கு வாழ்நாளில் என்றாவது இந்தப் புற்று வரக்கூடும். அதாவது பெரும்பான்மையோருக்கு வருவதே இல்லை. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது: என்.எஃப்.1 இல்லாதவர்களுக்கு இந்தப் புற்று சராசரியாக அறுபது வயதைத் தாண்டி வருகையில், என்.எஃப்.1 உள்ளவர்களில் பாதிப் பேருக்கு அது 26 வயதுக்குள்ளேயே கண்டறியப்பட்டது. இவ்வளவு இளைஞனுக்குப் புற்று வருமா என்ற எண்ணம் வீட்டாருக்கு மட்டுமல்ல, மருத்துவருக்கும் வருகிறது. அந்த எண்ணத்தால்தான் வலி மாத்திரையோடு மாதங்கள் கழிந்துவிடுகின்றன.

என்னிடம் வந்த ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்கிறேன். பிறை என்னும் ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பிட்டத்திலிருந்து பாதம்வரை இழுக்கும் வலி. முதுகெலும்புத் தட்டு விலகியிருக்கலாம் என்று வேறோர் இடத்தில் இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, அதில் குறை ஏதும் இல்லை என்று எட்டு மாதங்களாக மாத்திரையும் உடற்பயிற்சியும் கொடுத்திருந்தார்கள். என் எதிரே உட்கார்ந்திருந்தவர் அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தானிட்டிருந்தார். சட்டையைக் கழற்றச் சொன்னேன். கொஞ்சம் தயங்கிக் கழற்றினார். மார்பிலும் முதுகிலும் தே தாரேக் நிறத்தில் உள்ளங்கை அகலத் தழும்புகள்; அக்குளில் பொடிப்பொடியான புள்ளிகள். குப்புறப் படுக்க வைத்துத் தொடையின் பின்புறம் விரலால் தடவிக்கொண்டே போனபோது, நடுவில், வேகாத மரவள்ளிக் கிழங்கைத் துணியில் சுற்றியதுபோல் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. அதன்மேல் ஒரு விரலால் மெல்லத் தட்டினேன். உள்ளங்காலில் மின்சாரம் பாய்ந்ததுபோல் காலை உதறிக்கொண்டார். இடுப்பைப் படம் எடுத்தவர்கள் தொடையை எடுக்கவில்லை. எட்டு மாதங்களில் யாரும் அவரிடம் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. அவரும் கூச்சத்தால் தம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. அந்த எட்டு மாதங்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

ஆகவே, மருத்துவர் முன் உட்கார்ந்ததும் உங்கள் மகன் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், "எனக்கு என்.எஃப்.1 இருக்கிறது, ஆழத்தில் உள்ள ஒரு கட்டி புதிதாக வலிக்கிறது" என்பதுதான். வலியை மட்டும் சொன்னால் மாத்திரைதான் கிடைக்கும். அதோடு ஐந்து விஷயங்களை நாள் குறித்து எழுதிக்கொண்டு போங்கள்: வலி எப்போது தொடங்கியது, இரவில் எழுப்புகிறதா, கட்டி வளர்ந்திருக்கிறதா, முன்பு மென்மையாக இருந்தது இப்போது கல்லாகியிருக்கிறதா, காலில் மரத்துப்போதலோ, செருப்பு தானாகக் கழன்று விழும் அளவுக்குப் பாதத்தில் பலக்குறைவோ ஏற்பட்டிருக்கிறதா. மென்மையான கட்டி கெட்டியாவதை மருத்துவரைவிட, தினமும் குளிக்கும்போது தொட்டுப் பார்ப்பவரே முதலில் உணர்வார்.

அரசு கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அதில் "நரம்பு உறைப் புற்று ஐயம்" என்று எழுதச் சொல்வதில் தவறில்லை. அவசரத்தின் அளவு அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் முடிவாகும். எலும்பு மற்றும் மென்திசுப் புற்றுகளைக் கையாளும் அறுவை மருத்துவர்கள் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போவது முக்கியம். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் செந்தூலிலிருந்து தொலைவில் இல்லை. கோலாலம்பூர் மருத்துவமனையில் மரபணுவியல் துறையே இருக்கிறது. புத்ராஜெயாவில் தேசியப் புற்றுநோய்க் கழகம் இருக்கிறது.

அங்கே கட்டிக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். அது கட்டியின் அளவையும், எந்த நரம்போடு ஒட்டியிருக்கிறது என்பதையும் காட்டும். புற்றா இல்லையா என்ற ஐயம் மிஞ்சினால் பெட் ஸ்கேன் உதவும்: கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசி மூலம் செலுத்தினால், வேகமாகப் பெருகும் செல்கள் அதை மிகுதியாக இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும். சில சாதாரணக் கட்டிகளும் கொஞ்சம் ஒளிரும் என்பதால் படத்தை மட்டும் நம்பி முடிவு செய்ய மாட்டார்கள். மிகுதியாக ஒளிரும் இடம் பார்த்து அங்கிருந்து ஊசியால் சதை எடுத்துச் சோதிப்பார்கள். ஒரே கட்டிக்குள் சாதாரணப் பகுதியும் புற்றுப் பகுதியும் கலந்திருக்கலாம் என்று முன்பு சொன்னேன் அல்லவா, அதனால்தான் கண்ட இடத்தில் எடுத்த சதை "புற்று இல்லை" என்று பொய்யான ஆறுதலைத் தந்துவிடக்கூடும். அந்த ஊசி எந்த வழியாகச் செல்ல வேண்டும் என்பதைப் பின்னர் அறுவை செய்யப்போகும் மருத்துவரே தீர்மானிப்பது நல்லது, ஏனெனில் ஊசி சென்ற பாதையையும் சேர்த்து அவர் அகற்ற வேண்டியிருக்கும்.

புற்று என்று தெரிந்தால், குணப்படுத்தும் சிகிச்சையாக இன்று கையில் இருப்பது அறுவை மட்டுமே. கட்டியைச் சுற்றியுள்ள நல்ல திசுவையும் சேர்த்து, மீதம் வைக்காமல் முழுமையாக எடுக்க வேண்டும். அது தொடையின் பின்புறம் ஓடும் பெரிய நரம்பாக இருந்தால் நரம்பையே இழக்க நேரலாம், பாதம் தொங்கிப்போகலாம், அரிதாகக் காலையே எடுக்க வேண்டியும் வரலாம். பெரிய, வீரியமான கட்டிகளுக்கு அதே இடத்தில் மீண்டும் வராதிருக்கக் கதிர்வீச்சு தருவார்கள். டாக்ஸோரூபிசின், ஐஃபோஸ்ஃபமைடு ஆகிய மருந்துகளுக்கு இந்தப் புற்று ஓரளவே கட்டுப்படும். பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகும் என்பதால் மார்புக்கும் ஸ்கேன் எடுப்பார்கள். இவை எல்லாம் கேட்கக் கடினமானவை என்று அறிவேன். ஆனால் சிறியதாக இருக்கும்போது, பரவாமல் இருக்கும்போது, முழுமையாக அகற்ற முடிந்தவர்களே நெடுநாள் வாழ்கிறார்கள் என்பதால்தான், மூன்று மாதம் நான்காகக் கூடாது என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பரிசோதனை செய்து பார்த்து அது சாதாரணக் கட்டி என்று முடிந்தால், அந்தச் செய்தியை ஒரு வரி எழுதி அனுப்புங்கள், மிகவும் மகிழ்வேன்.

கேள்வி: என் அத்தைக்கு முகத்திலும் கைகளிலும் நூற்றுக்கணக்கான சிறு கட்டிகள் உள்ளன. பேருந்தில் அவர் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காருவதில்லை. சிலவற்றையாவது எடுத்துவிட நினைக்கிறார். "கத்தி பட்டால் புற்றாகிவிடும்" என்று வீட்டில் பெரியவர்கள் தடுக்கிறார்கள். அது உண்மையா? (வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: உண்மை இல்லை. தோல் கட்டிகளை அறுவை மூலமோ, லேசர் மூலமோ, மின்சூட்டினாலோ அகற்றுவதால் அவை புற்றாவதில்லை. எடுத்த இடத்தில் தழும்பு விழலாம், வேறு இடத்தில் புதியவை முளைக்கலாம், அவ்வளவே. பக்கத்து இருக்கை காலியாகவே இருப்பதன் வலியும் ஒரு வலிதான். தோல் மருத்துவரையோ ஒட்டறுவை மருத்துவரையோ உங்கள் அத்தை தாராளமாகப் பார்க்கலாம். இது தொட்டால் ஒட்டும் நோய் அல்ல என்பதைப் பேருந்தில் உள்ளவர்களுக்கும் யாராவது சொல்ல வேண்டும்.

பெரியவர்களின் அச்சம் எங்கிருந்து வந்தது என்பதை நான் ஊகிக்க முடிகிறது. ஆழத்தில் உள்ள கட்டி ஒன்று வளர்ந்து வலி கொடுக்கும். அது ஏற்கெனவே புற்றாகியிருப்பதை அறியாமல், கொழுப்புக்கட்டி என்று எண்ணி யாரோ ஒருவர் மேலாக வெட்டி எடுப்பார். மிச்சம் வைத்த பகுதி சில மாதங்களில் சீறிக்கொண்டு வளரும். கத்தி பட்டதால் புற்று வந்ததாகக் குடும்பம் நினைத்துக்கொள்ளும். உண்மையில் புற்று முன்பே இருந்தது, கத்திதான் பாதியில் நின்றது. எனவே தோல் கட்டிகளுக்குத் தயங்க வேண்டாம். ஆழமான கட்டியை மட்டும் எம்.ஆர்.ஐ. பார்க்காமல் யாரும் வெட்ட விடாதீர்கள்.

கதிர்வீச்சுச் சிகிச்சைக்குத்தான் தயக்கம் வேண்டும். என்.எஃப்.1 உள்ளவர்களின் சாதாரணக் கட்டிகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்தால், பிற்காலத்தில் அந்த இடத்திலேயே புற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. புற்று உறுதியானபின் வேறு வழி இல்லாதபோது கொடுப்பது வேறு கதை.

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது, கழுத்தில் பெரிய பின்னல் கட்டி. அறுவை செய்ய முடியாது என்கிறார்கள். செலுமெடினிப் என்ற மாத்திரையைப் பற்றிக் கேள்விப்பட்டோம். அது புற்று வராமல் தடுக்குமா? (ஒரு தந்தை, கெப்போங்)

பதில்: செலுமெடினிப் 2020 ஏப்ரலில் அமெரிக்காவில், அறுவை செய்ய இயலாத, தொல்லை தரும் பின்னல் கட்டிகள் உள்ள குழந்தைகளுக்கு அனுமதிக்கப்பட்டது. அதற்கு அடிப்படையான ஆய்வில் பங்கேற்ற 50 பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கட்டியின் கன அளவு ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சுருங்கியது. பலருக்கு வலியும் குறைந்தது. 2025இல் மிர்டாமெடினிப் என்ற இன்னொரு மருந்து, பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சேர்த்து அங்கே அனுமதி பெற்றது. பழுதான பிரேக்குக்குப் பதிலாக, செல்லுக்குள் ஓடும் பெருக்கக் கட்டளையை இடையில் மறிப்பதே இம்மருந்துகளின் வேலை. கழுத்துக் கட்டி மூச்சுக்குழாயை நெருக்கும் பிள்ளைக்கு இது பெரிய வரம்.

ஆனால் இவை நரம்பு உறைப் புற்றுக்கான மருந்துகள் அல்ல. புற்று வராமல் தடுக்கும் என்றும் நிறுவப்படவில்லை. மாத்திரை சாப்பிட்டுவரும்போதே ஒரு கட்டி வளர்ந்தாலோ வலித்தாலோ, மருந்து வேலை செய்யவில்லை என்று விட்டுவிடாமல், அதையே முதல் எச்சரிக்கையாகக் கொண்டு பரிசோதிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு, தோல் சினைப்பு, நகக்கண்ணில் புண் ஆகியவை வரும். இதயத்தையும் கண்ணையும் குறித்த காலத்தில் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். விலை மிக அதிகம் என்பதால், மகளைப் பார்க்கும் குழந்தை நல மருத்துவரிடமே எந்த வழியில் கிடைக்கும் என்று கேளுங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைப்பதை வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: எனக்கு 29 வயது, என்.எஃப்.1 இருக்கிறது. தழும்புகளும் சில தோல் கட்டிகளும் தவிர வேறு தொல்லை இல்லை. திருமணம் பேசி முடித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று அம்மா அழுகிறார். நான் சொல்ல விரும்புகிறேன். பிள்ளைக்கும் வருமா? (வாசகி, பாயான் லெப்பாஸ், பினாங்கு)

பதில்: சகோதரி, சொல்வது என்ற உங்கள் முடிவே சரி. மாப்பிள்ளையிடம் நீங்களே, நேராக, திருமணத்துக்கு முன் சொல்லிவிடுங்கள். உங்கள் அம்மாவின் கண்ணீரில் பழி சொல்லும் ஊரைப் பற்றிய அச்சம் இருக்கிறது. அதை நான் குறைத்து எண்ணவில்லை. ஆனால் இந்த நோயில் மறைப்பதற்கு ஒரு தனி விலை உண்டு. என்றோ ஒருநாள் ஒரு கட்டி வலிக்கத் தொடங்கினால், மறைத்து வைத்த பெண் அந்த வலியையும் மறைப்பாள். அப்படி மறைத்து, சேலைக்கு அடியில் கட்டியை வளர விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஆண், பெண் வேறுபாடு இல்லை. ஆனால் நோய் வந்தாலும் அது எந்த அளவில் வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. தழும்புகளோடு நின்றுவிட்ட தாய்க்குப் பின்னல் கட்டியோடு பிள்ளை பிறக்கலாம். அதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். உங்கள் மரபணுவில் எந்த இடத்தில் பழுது என்பதை இரத்தப் பரிசோதனையால் கண்டுபிடித்துவிட்டால், கருத்தரித்த முதல் மூன்று மாதங்களின் இறுதியில் கருவைச் சோதிப்பதும், செயற்கைக் கருத்தரிப்பில் பழுதில்லாத கருவைத் தேர்ந்தெடுப்பதும் இயலும். செய்துகொள்வதும் வேண்டாம் என்பதும் உங்கள் இருவரின் உரிமை. அந்தச் சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு: அந்த மரபணு முழுவதுமே அறுந்துபோனவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கட்டிகளும் மிகுதி, நரம்பு உறைப் புற்று வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிடக் கூடுதல். அவர்களை இன்னும் நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டும்.

கர்ப்பக் காலத்தில் கட்டிகள் பெருகவும் பருக்கவும் கூடும். அதனால் தாயாவதற்கு முன்பே ஆழமான கட்டி எங்கேனும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரத்த அழுத்தத்தையும் பாருங்கள், என்.எஃப்.1 உள்ளவர்களில் சிலருக்குச் சிறுநீரகத்தின் மேல் உள்ள சுரப்பியில் கட்டி வந்து அழுத்தம் திடீரென ஏறும். நம் பெண்கள் அறியாத ஒன்றையும் சொல்கிறேன்: என்.எஃப்.1 உள்ள பெண்களுக்கு 50 வயதுக்கு முன் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. அமெரிக்க வழிகாட்டுதல்கள் இவர்களுக்கு 30 வயதிலிருந்தே ஆண்டுதோறும் மேமோகிராம் எடுக்கச் சொல்கின்றன. உங்களுக்கு அடுத்த ஆண்டே அந்த வயது. பிறந்த நாளன்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் 19 வயதில் காலமானாள். கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் உள்ள நரம்புப் பின்னலில் புற்று. என்.எஃப்.1 என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. எனக்கும் மனைவிக்கும் இந்த நோய் இல்லை. பாரமான புத்தகப்பை தூக்கியதால் தோள் வலிக்கிறது என்று நான் தைலம் தேய்த்துவிட்டேன். நாங்கள்தான் அவளைத் தவறவிட்டோமா? மகன் ஒருவன் இருக்கிறான், 15 வயது. (ஒரு தந்தை, புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு நாட்கள் மேசைமேல் வைத்திருந்தேன். தைலம் தேய்த்த கை, பிள்ளையின் வலியைப் போக்க நினைத்த கை. அந்த வயதுப் பெண்ணுக்குத் தோள் வலி என்றால் நூறு வீடுகளில் நூறு தந்தையர் அதைத்தான் செய்திருப்பார்கள், நானும் செய்திருப்பேன். தோள்பட்டைக்கு உள்ளே, எலும்புக்கும் தசைக்கும் பின்னால் ஒளிந்து வளரும் கட்டி வெளியே தெரிவதற்குள் பெரிதாகிவிடுகிறது. அந்த இடத்தில் முழுமையாக வெட்டி எடுப்பதும் மிகக் கடினம். உங்கள் மகளின் நோயை முன்கூட்டிக் கண்டிருந்தால் முடிவு மாறியிருக்குமா என்பதை யாராலும் உறுதியாகக் கூற முடியாது. அவளுடைய தழும்புகளைப் பிறந்த நாள் முதல் நீங்கள் மச்சம் என்று நினைத்திருப்பீர்கள். தடுப்பூசிக்கும் காய்ச்சலுக்கும் அவளைத் தூக்கிக்கொண்டு போன இடங்களில் அவற்றைக் கண்ட மருத்துவர்களும் தாதியரும் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவராவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குறை எங்கள் தொழிலுடையது, உங்களுடையது அல்ல.

பெற்றோருக்கு இல்லாத நோய் பிள்ளைக்கு எப்படி வந்தது என்ற கேள்வியும் உங்களை அரித்துக்கொண்டிருக்கும். என்.எஃப்.1 உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்தக் குடும்பத்தில் முதலாமவர்கள். தந்தையின் விந்தணுவிலோ தாயின் கருமுட்டையிலோ, கரு உருவாகும் வேளையில், தற்செயலாக ஏற்பட்ட எழுத்துப் பிழை அது. உணவாலோ, கர்ப்பக் காலத்தில் பார்த்த கிரகணத்தாலோ, யாருடைய பாவத்தாலோ வந்தது அல்ல.

உங்கள் இருவருக்கும் அறிகுறி இல்லை என்றால் மகனுக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு; ஆயினும் முற்றிலும் இல்லை என்று சொல்ல மாட்டேன். அறிகுறி வெளியே தெரியாமல், பெற்றோர் ஒருவரின் உடலில் ஒரு பகுதிச் செல்களில் மட்டும் இந்தப் பழுது இருப்பது அரிதாக உண்டு. ஆகவே மூவரையும் ஒரு மருத்துவர் நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிடட்டும்: தோலில் தேநீர் நிறத் தழும்புகள், அக்குளிலும் தொடை இடுக்கிலும் புள்ளிகள், கண் மருத்துவர் கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையத்தில் பழுப்பு நிறச் சிறு முடிச்சுகள் இருக்கின்றனவா என்று தேடுவார். பதினைந்து வயதில் நோய் இருந்தால் இவற்றில் குறைந்தது இரண்டு பெரும்பாலும் வெளிப்பட்டிருக்கும். ஒன்றும் இல்லை என்றால் மகனை அச்சமின்றிப் பந்து விளையாட விடுங்கள். தோள் வலிக்கிறது என்று அவன் சொல்லும் ஒவ்வொரு முறையும் உங்கள் நெஞ்சு பதறும். அதையும் அந்த மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் பார்த்துச் சொன்னால்தான் அது அடங்கும்.

பரிசோதனைக்குப் போகும்போது மகளின் சதைப் பரிசோதனை அறிக்கையை எடுத்துச் செல்லுங்கள். மருத்துவமனையில் அவளுடைய திசு இன்னும் பாதுகாப்பில் இருந்தால், அதிலிருந்தே மரபணுப் பிழையைக் கண்டறிந்து, மகனின் இரத்தத்தில் அது இருக்கிறதா என்று ஒரே சோதனையில் பார்த்துவிடலாம். அறிக்கை எண் மேல் ஓரத்தில் இருக்கும்.